வெளி மிடி கருவிப் பதிவில் ஒலியளவுப் பொருத்தம்

வெளி மிடி கருவிப் பதிவில் ஒலியளவுப் பொருத்தம் என்பது, கணினிக்கு வெளியே உள்ள மின்னணு இசைக்கருவி ஒன்றை மிடி வழியாக இயக்கிப் பதிவு செய்யும்போது, மென்பொருளில் கேட்கும் ஒலியளவும் ஏற்றுமதி செய்யப்பட்ட ஒலிக்கோப்பின் ஒலியளவும் ஒத்திருக்கச் செய்யும் முறை ஆகும். இவை ஒத்திராவிடில், பதிவின்போது நிறைவாகக் கேட்ட கருவி, கோப்பில் மெலிந்தோ முற்றிலும் இல்லாமலோ போகும்.

பின்னணி

மிடி என்பது 1983 இல் வெளியிடப்பட்ட தகவல் தொடர்பு நெறிமுறை ஆகும். இது ஒலியைக் கடத்துவதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு விசையுடன் அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பன போன்ற கட்டளைகளையே கடத்துகிறது. ஐந்து முனை வடத்தில் இதன் வேகம் நொடிக்கு 31,250 பிட்கள் ஆகும். ஒலியை உருவாக்குவது கருவியே.

தமிழ்த் திரையிசையில், இளையராஜா இசையமைத்த புன்னகை மன்னன் (1986) கணினியின் துணையுடன் இசை அமைக்கப்பட்ட தொடக்ககாலப் படங்களுள் ஒன்றாகும். ஏ. ஆர். ரகுமானின் ரோஜா (1992) படத்திற்குப் பின்னர் மின்னணு இசைக்கருவிகளின் பயன்பாடு பெருகியது. பிற்காலத்தில் கணினிகளின் விலை குறைந்ததால், சாத்தூர் போன்ற சிற்றூர்களின் மெல்லிசைக் கலைஞர்களும் ஒரு விசைப்பலகையையும் ஒரு கணினியையும் கொண்டு வீட்டிலேயே பதிவு செய்வது இயல்வதாயிற்று.

வேறுபாட்டிற்கான காரணங்கள்

கருவியின் ஒலி கேட்பவரை இரு வழிகளில் அடையலாம். ஒன்று, ஒலி இடைமுகத்திலிருந்து நேரே ஒலிபெருக்கிக்குச் செல்லும் நேரடிக் கண்காணிப்பு வழி. மற்றொன்று, மென்பொருளின் ஒலித்தடம் வழி. ஏற்றுமதியில் இடம்பெறுவது இரண்டாவது மட்டுமே.

* மிடி தடம் மட்டும் இருந்து ஒலித்தடம் பதியப்படாவிட்டால், கோப்பில் அக்கருவி ஒலிக்காது.
* இரு வழிகளும் ஒருங்கே திறந்திருந்தால், ஒத்த இரு ஒலிகள் கூடி ஏறத்தாழ 6 டெசிபெல் வரை மிகுந்து கேட்கும். கோப்பில் இந்த மிகுதி இராது.
* விசைப்பலகையின் உள்ளகக் கட்டுப்பாடு இயங்கும் நிலையில், மென்பொருளும் அதே சுரத்தைத் திருப்பி அனுப்பினால், வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் இருமுறை ஒலிக்கும்.
* மிடியின் 7 ஆம் எண் கட்டுப்பாட்டுச் செய்தி கருவியின் ஒலியளவை மாற்றும். பரிந்துரைக்கப்பட்ட வரைவின்படி, 127 இலிருந்து 64 ஆகக் குறைத்தால் ஒலி ஏறத்தாழ 12 டெசிபெல் தாழும்.
* உள்ளீட்டு அளவு குறைவாக இருக்க, ஒலிபெருக்கியின் திருகைக் கூட்டிக் கேட்டால் குறை தெரியாது. கோப்போ மெலிந்தே அமையும்.
* ஏற்றுமதியின்போது இயல்பாக்கம் தேர்வு செய்யப்பட்டிருந்தாலும், ஒலி இயக்கி மென்பொருள் தானாக அளவை மாற்றினாலும் வேறுபாடு தோன்றும்.

பொருத்தும் முறை

1. கருவியின் ஒலியளவுத் திருகை ஒரு குறித்த நிலையில் வைத்து, பின்னர் மாற்றாதிருத்தல். பாடலின் தொடக்கத்திலேயே 7 ஆம் எண் செய்தியை எழுதி வைத்தல்.
2. மிக உரத்த பகுதியை வாசித்து, உச்ச அளவு முழு அளவிற்குக் கீழே 6 முதல் 12 டெசிபெல்லுக்குள் அமையுமாறு உள்ளீட்டைச் சரிசெய்தல்.
3. உள்ளகக் கட்டுப்பாட்டை நிறுத்துதல்.
4. மிடி தடத்தை இயக்கி, கருவியின் ஒலியை ஒலித்தடத்தில் பதிதல்.
5. பதிந்த பின் மிடி தடத்தையும் நேரடிக் கண்காணிப்பையும் அடக்கி, ஒலித்தடத்தை மட்டும் கேட்டு ஒலிக்கலவை செய்தல்.
6. இயல்பாக்கம் இன்றி ஏற்றுமதி செய்தல்.

சில மென்பொருள்கள் வெளிக் கருவியை நேரடியாகச் சேர்த்து ஏற்றுமதி செய்கின்றன. அப்போது நிகழ்நேர ஏற்றுமதியையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். விரைவு ஏற்றுமதியின் வேகத்திற்கு வெளிக் கருவியால் இசைக்க இயலாது.

சரிபார்த்தல்

ஏற்றுமதியான கோப்பை அதே திட்டத்தில் தனித் தடமாக இட்டு, முதன்மைத் தடத்தின் விளைவுகளுக்கு உட்படாமல், அலையைத் தலைகீழாக்கி, மூலக் கலவையுடன் ஒருங்கே இயக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று நீக்கி அமைதி நிலவினால், கோப்பும் கலவையும் ஒன்றே. அதன் பின்னும் வேறுபாடு கேட்குமாயின், காரணம் ஒலி இயக்கியிலோ ஒலிபெருக்கி அமைப்பிலோ இருக்கும்.

பயன்பாடு

கோயில் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவினர் முன்பதிவு செய்த தாளத்தடத்தை இயக்கிப் பாடுவதுண்டு. மெலிந்த கோப்பை அங்கே பெருக்கி வழியாக உயர்த்தினால், இசையுடன் இரைச்சலும் உயரும். ஆதலால் ஒலியளவைப் பதிவின் தொடக்கத்திலேயே பொருத்துவது இன்றியமையாதது.