உங்களுக்குத் தெரியுமா? நாற்சார் வீடு புங்குடுதீவில், கல்லாப்பெட்டி கொழும்பில்

❖ தென்கொரியத் தலைநகர் சோலில் புக்சோன் என்றொரு பழைய குடியிருப்பு உண்டு. இரண்டு அரண்மனைகளுக்கு நடுவே, மேட்டு நிலத்தில், வளைந்த ஓட்டுக் கூரையோடு நூற்றுக்கணக்கான வீடுகள். பெரும்பாலும் ஆள் குடியிருக்கிற வீடுகள். வசிப்பவர்கள் 6,000 பேரளவில். வருடத்தில் பார்க்க வருபவர்களோ 60 இலட்சம் பேரளவில். இரைச்சல் தாங்கமுடியாமல் குடியிருப்போர் முறையிட, நகர நிர்வாகம் கட்டுப்பாடு போட்டது. 2025 மார்ச் முதல், நெருக்கமான தெருக்களில் பிற்பகல் 5 மணியிலிருந்து மறுநாள் காலை 10 மணிவரை சுற்றுலாக்காரர் காலடி வைத்தால் 1,00,000 வொன் தண்டம். யாழ்ப்பாணத் தீவகத்தில் உள்ள நமது புங்குடுதீவிலும் பழைய வீடுகள் உண்டு, ஆனால் அந்தக் கரைச்சல் கிடையாது. இங்குள்ள பழைய வீடுகளில் நித்திரை கெடுவதற்கு முதலில் ஆள் வேண்டுமே!

❖ நயினாதீவு நாகபூசணி அம்மனிடம் போகிறவரும் சரி, நாகவிகாரைக்குப் போகிறவரும் சரி, நெடுந்தீவுக்குக் குதிரை பார்க்கப் போகிறவரும் சரி, எல்லோரும் புங்குடுதீவைக் குறுக்கே கடந்துதான் போகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, வாணர் தாம்போதி, புங்குடுதீவு, கடைசியில் குறிகாட்டுவான் இறங்குதுறை. அம்மனின் ஆனி மாதத் திருவிழாக் காலத்தில் பஸ்களும் வான்களும் வரிசையாகப் போகும். இடையில் இறங்குகிறவர் அபூர்வம். எல்லாருக்கும் படகு பிடிக்கிற அவசரம். சப்த தீவுகளில் இவ்வளவு பேர் வந்தும் இவ்வளவு குறைவாகப் பார்க்கப்பட்ட ஊர் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

❖ அந்தத் தாம்போதிக்கு ‘வாணர்’ என்ற பெயர் வந்தது, கடலுக்குக் குறுக்கே வீதி வேண்டுமென்று அலைந்து பாடுபட்ட வாணர் சகோதரர்களால். அதற்கு முன்னர் அரிசி மூடையும் மணப்பெண்ணும் வள்ளத்தில்தான் வரவேண்டும்.

❖ நாற்சார் வீடு என்றால் நாலு பக்கமும் சார்பு இறக்கி, நடுவில் வானம் பார்த்த முற்றம் விட்ட வீடு. தலைவாசல் வழியே உள்ளே நுழைந்தால் முதலில் வெக்கை குறைவது தெரியும். முற்றத்தைச் சுற்றி விறாந்தை, விறாந்தையைத் தாங்கத் தூண்கள், அதற்குப் பின்னால் அறைகள். அறைகளுக்கு யன்னல் சிறிது; வெளிச்சமும் காற்றும் முற்றத்தால்தான் வரவேண்டும். மழை பெய்தால் நாலு கூரைத் தண்ணீரும் பீலி வழியே அந்த முற்றத்தில்தான் கொட்டும். மாரியில் வாளி, அண்டா, கிடாரம் எல்லாம் வரிசையாகப் பீலிக்குக் கீழே நிற்கும். நல்ல தண்ணீருக்கு ஏங்குகிற தீவில் அது அழகுக்காகச் செய்த ஏற்பாடு அல்ல. நெல் காயவைப்பது, பாய் விரித்துக் கதை கேட்பது, கலியாணத்துக்குப் பந்தல் போடுவது, செத்தவரைக் கிடத்துவது, எல்லாவற்றுக்கும் அதே முற்றம்.

கொரிய வீட்டிலும் முற்றம் உண்டு, மரப்பலகை விறாந்தையும் உண்டு. பெரிய வித்தியாசம் நிலத்துக்கு அடியில். அங்கே அடுப்புப் புகையைத் தரைக்குக் கீழே ஓடவிட்டுத் தரையையே சூடாக்குவார்கள். குளிர்காலத்தில் சனம் தரையில்தான் படுக்கும். நமது ஆட்களோ சாணம் மெழுகியும் பின்னர் சீமெந்து இழைத்தும் தரையைக் குளிராக்கப் பாடுபட்டார்கள்.

❖ இந்த வீடுகளுக்குச் சாமான் எங்கிருந்து வந்தது? சுவருக்கு முருகைக்கல், அதாவது பவளப்பாறை. சாந்துக்குச் சுட்ட சுண்ணாம்பு. கூரைக்கு வைரம் பாய்ந்த பனை. வளை, தீராந்தி, சிலாகை எல்லாம் அதிலேயே அறுப்பார்கள். முற்றின பனையில் கறையான் இலகுவில் பல் வைக்காது. வசதி வந்தவர்கள் ஓலையை இறக்கிவிட்டு ஓடு போட்டார்கள். பழைய ஓடு ஒன்று கையில் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள், முதுகில் இந்திய மேற்குக் கரைத் தொழிற்சாலையின் முத்திரை இருந்தாலும் இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் தனது முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய ஆண்டு 1865. கதவு நிலைக்குப் பர்மாத் தேக்கு என்றால் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் பெருமை கூட.

❖ சங்கடப்படலை பார்த்திருக்கிறீர்களா? படலைக்கு மேலே தனிக் கூரை, இரண்டு பக்கமும் இருக்கத் திண்ணை, ஓரத்தில் மண்பானையில் தண்ணீர். வழிப்போக்கர் வீட்டுக்காரரைக் கூப்பிடாமலே குந்தி இளைப்பாறிவிட்டுப் போகலாம். பருத்தித்துறைத் தெருமூடி மடம் இதையே வீதி முழுவதற்கும் செய்தது: கூரைக்குக் கீழே வண்டி போகும், இரு பக்கத் திண்ணையிலும் ஆட்கள் இருப்பார்கள்.

❖ முன்வாசல் மரியாதைக்கு, வேலிப் பொட்டு உறவுக்கு. கிடுகு வேலியின் மூலையில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு விட்ட சந்துதான் பொட்டு. உப்பு, நெருப்பு, செய்தி, பிள்ளை, எல்லாம் அந்த வழியால்தான் அடுத்த வளவுக்குப் போகும். சகோதரிமார் கோபித்துக்கொண்டால் முதலில் அடைபடுவதும் அதுவே. மதில் கட்டத் தொடங்கியதோடு பொட்டும் போய்விட்டது.

❖ புக்சோனில் இன்று நாம் படத்தில் பார்க்கிற வீடுகளில் பல, நினைக்கிற அளவுக்குப் பழையவை அல்ல. யப்பானியர் ஆட்சியில், 1930களில், ஜொங் செ-க்வொன் என்ற கட்டடக்காரர் பிரபுக்களின் பெரிய வளவுகளை வாங்கித் துண்டு போட்டு, நடுத்தரக் குடும்பங்களுக்கென்று கட்டிய சிறிய வீடுகள் அவை. நகரின் அந்தப் பகுதி யப்பானியர் கைக்குப் போகாமல் கொரியர் கையில் நிற்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

புங்குடுதீவின் கல்வீடுகளைக் கட்டியது கடை. தெற்கிலும் மலைநாட்டிலும் சிங்கள ஊர்களின் சந்திகளில் நின்ற சுருட்டுக்கடை, பலசரக்குக் கடை, சைவச் சாப்பாட்டுக் கடை. கொழும்பில் புறக்கோட்டை மொத்த வியாபாரம். கூப்பன் அரிசி காலத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பெடியன் மாமாவின் கடைக்குப் போவான். பகலில் கிளாஸ் கழுவுவான், இரவில் அரிசி மூடைக்கு மேல் படுப்பான். சிங்களம் பேசுவான், கணக்கைத் தமிழில் எழுதுவான். சில வருடத்தில் பங்காளி, பிறகு முதலாளி. பெண்சாதி பிள்ளைகள் தீவில். அவர் திருவிழாவுக்கும் நல்லது கெட்டதுக்கும் ஊர் வருவார். வரும்போதெல்லாம் வீட்டில் ஒரு பகுதி கூடும்: ஒருமுறை கிணற்றுக் கட்டு, மறுமுறை விறாந்தைத் தூண், மகளுக்குப் பதினெட்டு என்றால் புதிய அறை. புங்குடுதீவு வீட்டைத் தனியாகப் பார்த்து விளங்கிக்கொள்ள முடியாது. அதன் மறுபாதி முந்நூறு, நானூறு கிலோமீட்டர் தள்ளி, சிங்களத்தில் பெயர்ப்பலகை போட்டு நின்றது.

❖ அதனால்தான் 1958, 1977, 1983 தமிழருக்கெதிரான கலவரங்களில் தெற்கே கடை எரிந்தபோது, தீ எட்டாத தீவில் வீட்டு வேலை நின்றது. சாந்து பூசாத சுவர், மேல்மாடிக்கென்று கம்பி நீட்டியபடியே விட்ட தூண். இவற்றில் எத்தனை அந்த ஆண்டுகளின் கணக்கு என்று யாராவது இருந்து எழுதவேண்டும். பெரிய புத்தகம் வரும்.

❖ 1991 ஒக்டோபரில் இராணுவம் தீவுக்குள் வர, ஊர் மொத்தமாக எழும்பி யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் போனது. பிறகு சுவிஸ், பிரான்ஸ், கனடா. திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர். ஆள் இல்லாத வீட்டில் முதலில் போவது ஓடு, அடுத்தது கதவும் நிலையும், பிறகு தீராந்தி. கூரை போனபின் சுண்ணாம்புச் சுவருக்கு மாரி மழையே போதும். இப்போது புங்குடுதீவின் பெருங்காட்டிலும் இறுப்பிட்டியிலும் மடத்துவெளியிலும் சுவருக்குள் வேம்பு வளர்ந்து நிற்கும் வளவுகளைக் காணலாம். பக்கத்திலேயே பளபளவென்று புதுக் கோபுரம். வெளிநாட்டுக் காசு கோயிலுக்கு வந்த வேகத்தில் கால்வாசி இந்த வீடுகளுக்கு வந்திருக்கலாம் என்று சொன்னால் கோபிப்பார்கள், என்றாலும் சொல்லவேண்டியிருக்கிறது.

❖ ஏன் ஒருவரும் திருத்துவதில்லை? காசு மட்டும் காரணமல்ல. 1707இல் ஒல்லாந்தர் எழுதித் தொகுத்த தேசவழமைச் சட்டப்படி வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகும். பிறகு அவளுடைய மகள்களில் ஒருத்திக்குப் பாதி, மற்றவளுக்குப் பாதி என்று துண்டாகும். இப்போது ஒரே நாற்சாருக்குச் சூரிச்சில் ஒருத்தி, ரொறொன்ரோவில் ஒருத்தி, பாரிஸில் ஒருத்தி சொந்தக்காரி. கூரையில் ஓடு மாற்றவும் மூன்று கையெழுத்து வேண்டும். இலங்கைச் சட்டத்தில் பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் காணிக்கு உரிமை கேட்கலாம். போரால் ஊருக்கு வரமுடியாதவர்கள் இதனால் காணியை இழக்கக்கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து கழிக்க இடம் கொடுத்தது. அதன் பின்னரான ஆண்டுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

❖ பழைய வீடு என்றதும் எல்லாம் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். திண்ணையில் இருக்கலாம் என்றால் எல்லோரும் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. படலையோடு நிறுத்தப்பட்டவர்கள், சிரட்டையில் தேத்தண்ணி குடித்தவர்கள், பிறத்தியார் வார்த்தால்தான் தண்ணீர் என்று கிணற்றடியில் காத்து நின்றவர்கள் இதே ஊரில் இருந்தார்கள். புங்குடுதீவு எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971இல் கண்ணகை அம்மன் கோயில் நல்ல தண்ணீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்தார். பொலிஸ் அடியும் மறியலும் கிடைத்தன. 1973இல் இறந்தபோது அவருக்கு நாற்பது வயதும் ஆகவில்லை. ஊர் பார்க்க வருகிறவர் நாற்சாருக்கு முன்னர் அந்தக் கிணற்றைப் பார்க்கட்டும்.

❖ கிணறு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? தீவின் நல்ல தண்ணீர், சுண்ணக்கல்லுக்குள் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே 40 அடி ஆழத்துக்கு அது இருக்கும். மேலே ஓரடியை மோட்டரால் இறைத்துவிட்டால் கீழேயிருந்து உவர் ஏறிவிடும். சுற்றுலா விடுதி கட்டலாம் என்று திட்டம் சொல்கிறவர்கள் குளியலறைக் கணக்கை முதலில் போடவேண்டியது இதனால்தான்.

❖ கொரியாவின் ஜொன்ஜு நகரில் 700க்கு மேற்பட்ட பழைய பாணி வீடுகள் ஒரே பகுதியில் உண்டு. அங்கு போகிறவர்களில் பாதிப் பேர் போவது சாப்பிடத்தான் என்றாலும் தப்பில்லை. சோறும் மரக்கறியும் முட்டையும் மிளகாய்க் கூட்டும் கலந்த பிபிம்பாப்புக்குப் பேர்போன ஊர் அது. 2012இல் யுனெஸ்கோ அதை உணவுக்கலை நகரமாக ஏற்றது. தீவகத்துக்கு ஒடியல் கூழ் இருக்கிறது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவை ஊறவைத்துக் கயர்ப்பை வடித்து, நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் சேர்த்துக் காய்ச்சி, பலா இலையைக் கோலிக் குடிப்பது. அதைத் தனிய ஒருவர் குடித்துக் கேள்விப்பட்டதில்லை. பானை வைத்தால் அயலும் வரவேண்டும். ஆனால் குறிகாட்டுவானில் இறங்குகிற பயணிக்கு அகப்படுவது தேத்தண்ணியும் வடையும் சோடாவும்தான். கூழ் இன்னும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. புழுக்கொடியல், பனாட்டு வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தில் பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ கடைக்குப் போகலாம். சபை தொடங்கியது 1978இல்.

❖ நயினாதீவில் இலவசமாகவே சாப்பிடலாம்: அமுதசுரபி அன்னதான மண்டபம். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இதுதான் என்று நம்புகிற ஊருக்குப் பொருத்தமான பெயர்.

❖ நயினாதீவு அம்மன் கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சிங்கள அரசன் பராக்கிரமபாகு பொறித்தது. ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறை) வரும் பரதேசி வணிகரின் கப்பல் உடைந்தால், யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலமானால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு. சரக்குக் கப்பலானால் பாதிக்குப் பாதி. வெளியூரிலிருந்து வரும் வணிகருக்கும் நியாயம் உண்டு என்று அரசன் கல்லில் எழுதிவைத்த தீவகத்தின் ஆட்கள், பின்னர் தாங்களே வெளியூர்க் கடைக்காரரானார்கள்.

❖ தீவகத்தில் பழைய கட்டடத்தில் இரவு தங்கித்தான் ஆகவேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது, பின்னர் சிறையாகவும் இருந்தது. இன்று கடற்படை அதை ஹோட்டலாக நடத்துகிறது. காசு இல்லாதவர்கள் ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு வாகனம் ஏற்றும் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறினால், அக்கரை போவதற்குள் கோட்டையை நன்றாகவே பார்த்துவிடலாம்.