வேனின் டாப் லைட்டும் உங்கள் கம்ப்யூட்டரும்

கம்ப்யூட்டர் இதழில் வேன் விளக்குக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில், ஆன் ஆகவில்லை என்றதும் பதறிப்போய் எல்லா வயர்களையும் ஒரே நேரத்தில் பிடுங்கிவிடுவேன். பழுதைத் தேடும் முறையை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு வேன்தான்.

சிம்மக்கல்லில் என் மைத்துனர் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். கார்த்திகை மாதம், ஐயப்ப பக்தர்களுடன் இரவு கிளம்ப வேண்டிய நாள். கூரை மூலைகளில் இருக்கும் டாப் லைட்டுகளில் இரண்டு எரியவில்லை; ஒன்று மங்கலாக எரிந்தது. "ஹெட்லைட் நல்லா இருக்கு மாமா, போயிட்டு வந்து பார்த்துக்கலாம்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. குமுளி மலைப்பாதையில் பனி இறங்கினால், வண்டி எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று மற்ற டிரைவர்களுக்குக் காட்டுவது இந்த விளக்குகள்தான். "சரி செய்த பிறகு கிளம்பலாம்" என்றேன்.

நம்மூரில் இவை முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. அமெரிக்காவில் 80 அங்குலமோ (சுமார் 2.03 மீட்டர்) அதற்கு மேலோ அகலமுள்ள வண்டிகளுக்கு இவை கட்டாயம். சமையலறை, படுக்கையோடு வரும் பெரிய மோட்டார் ஹோம்களுக்கும் இதே விதிதான். அங்கே முன்பக்கம் ஆம்பர் நிறம்.

தேடும் முறை

1. எல்லா விளக்கும் அணைந்திருந்தால் பொதுவான இடத்தைப் பாருங்கள்: பியூஸ், சுவிட்ச், மெயின் வயர். பியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியர் பியூஸையே போட வேண்டும். பெரியதைப் போட்டால், பியூஸ் போவதற்குள் வயர் சூடாகி எரியலாம்.

2. ஒன்று மட்டும் எரியாவிட்டால், எரியும் பல்பைக் கழற்றி அங்கே மாட்டுங்கள். எரிந்தால் பழைய பல்புதான் பழுது. எங்கள் முதல் விளக்கு இப்படித்தான் சரியானது. இரண்டாவது அப்போதும் எரியவில்லை. ஹோல்டருக்குள் மழைநீர் இறங்கிப் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்ததும் எரிந்தது.

3. மங்கலாக எரிந்தால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். பேட்டரியிலிருந்து வயர் வழியாக வரும் மின்சாரம், வண்டியின் இரும்பு உடல் வழியாகத்தான் திரும்புகிறது. எர்த் ஸ்குரூ துருப்பிடித்தால் திரும்பும் வழி குறுகிவிடும். மூன்றாவது விளக்கில் அதுதான் கோளாறு. துருவைச் சுரண்டி, ஸ்குரூவை முடுக்கி, மேலே வாசலின் தடவினோம்.

பல்ப் வாங்கும்போது கவனியுங்கள்: வேனுக்கு 12 வோல்ட், பெரிய பஸ்கள் பலவற்றுக்கு 24 வோல்ட். 12 வோல்ட், 5 வாட் பல்ப் சுமார் 0.42 ஆம்பியர் எடுக்கும். எல்.இ.டி. அதைவிடக் குறைவாக எடுக்கும். ஆனால் பிளஸ், மைனஸ் மாறினால் பெரும்பாலும் எரியாது.

கம்ப்யூட்டரிலும் இதே கதை

உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் வண்ண வயர்களைப் பாருங்கள். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட். கறுப்புதான் வேனின் எர்த் போலத் திரும்பும் வழி.

கம்ப்யூட்டர் உயிரே இல்லாமல் கிடந்தால் முதலில் பொதுவான இடம்: சுவர் பிளக், யு.பி.எஸ்., பின்பக்கச் சுவிட்ச். மவுஸ் மட்டும் வேலை செய்யாவிட்டால், வேறு யு.எஸ்.பி. துளையில் மாட்டிப் பாருங்கள். பிறகு வேறு மவுஸை மாட்டிப் பாருங்கள். கேபினெட்டைக் கழற்றி மாட்டிய பிறகு கம்ப்யூட்டர் ஓடியும் பவர் விளக்கு மட்டும் எரியாவிட்டால், அந்தச் சிறு எல்.இ.டி. கனெக்டர் தலைகீழாக இருக்கலாம். மின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திருப்பி மாட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழுது எங்கே என்று அதுவே சொல்லிவிடும்.

அன்று வேன் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பியது. தெருமுனையில் திரும்பும்வரை பின்பக்கச் சிவப்பு விளக்குகள் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.