ஒரே மேசையில் எழுதப்பட்ட முந்நூறு அத்தியாயங்கள்

துப்பறியும் கதைகளை இருவர் சேர்ந்து எழுதுவது தமிழ் வாசகருக்குப் புதிய செய்தியன்று. 'சுபா' என்னும் ஒரு பெயருக்குப் பின்னால் இரு நண்பர்கள் உள்ளனர் என்பதை மாத நாவல்களுடன் வளர்ந்த எம்மவர் நன்கறிவர். ஆனால் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்த ஆணும் பெண்ணும், பிள்ளைகளை உறங்க வைத்த பின் எதிரெதிரே அமர்ந்து, குற்றக் கதைகளின் வழியே தம் நாட்டின் அரசையே விசாரணைக்கு உட்படுத்திய வரலாறு சுவீடனுக்கு உரியது. மாய் ஷோவால், பேர் வாலே ஆகிய அவ்விருவரும் 1965 முதல் 1975 வரை பத்து நாவல்களை எழுதி வெளியிட்டனர்.

இருவருமே பத்திரிகையாளர்கள். வாலே 1957இல் பிராங்கோவின் ஸ்பெயினிலிருந்து நாடுகடத்தப்பட்டவர். 1960களின் தொடக்கத்தில் இருவரும் சந்தித்தனர். சட்டப்படி அவர்கள் மணம் செய்துகொள்ளவில்லை. எனினும் இரு மைந்தர்களைப் பெற்று இறுதிவரை இணைந்தே வாழ்ந்த அவர்களை உலகம் தம்பதியர் என்றே அழைத்து வந்துள்ளது. நாமும் அவ்வாறே அழைப்போம்.

அவர்களது தொழில்முறை வியப்புக்குரியது. நூலொன்றுக்கு முப்பது அத்தியாயங்கள் வீதம் பத்து நூல்கள்; சேர்த்து நோக்கின் முந்நூறு அத்தியாயங்கள் கொண்ட ஒரே பெருங்கதை. இத்திட்டம் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டது. கதைப்போக்கை முன்கூட்டியே விரிவாக எழுதி வைத்துக்கொண்டு, இரவில் ஆளுக்கோர் அத்தியாயமாகக் கையால் எழுதுவர். பின்னர் ஒருவர் எழுதியதை மற்றவர் வாங்கித் தட்டச்சுச் செய்கையில் திருத்துவார். எந்த வரி எவருடையது என்று வாசகர் கண்டுகொள்ள இயலாத ஒரு நடையை அவர்கள் நெடுநேரம் விவாதித்தே உருவாக்கினர். எழுதுவோர் தம் பெயரையும் நடையையும் எவ்வளவு இறுகப் பற்றிக்கொள்வர் என்பதை அறிந்த எமக்கு, இது கொலையாளியைக் கண்டுபிடிப்பதிலும் கடினமான காரியமாகவே தோன்றுகிறது.

முதல் நூலான 'ரோசன்னா' ஒரு கால்வாய்ப் பயணத்தில் கருக்கொண்டது. ஸ்டொக்ஹோமிலிருந்து கோதன்பேர்க் செல்லும் படகில் ஓர் அமெரிக்கப் பெண்ணை வாலே நோக்குவதைக் கண்ட மாய், அவளைக் கொன்றே கதையைத் தொடங்கலாமே என்றாராம். பொறாமையில் பிறந்த யோசனையோ, வேடிக்கையோ, யாமறியோம். நூலில் மூத்தாலா நகருக்கு அருகே கால்வாயைத் தூர்வாரும் இயந்திரம் ஓர் இளம்பெண்ணின் உடலை வெளிக்கொணர்கிறது. அவள் யார் என்பதை அறியவே பொலிசாருக்கு மாதங்கள் ஆகின்றன. படகில் சென்ற பயணிகளின் புகைப்படங்களைப் பல நாடுகளிலிருந்தும் சேகரித்து, ஒவ்வொன்றாக ஆராய்ந்து, காத்திருந்து, சலித்து, மீண்டும் தொடங்குகின்றனர். மதிநுட்பத்தால் ஒரே இரவில் மர்மத்தை அவிழ்க்கும் வீரர் எவரும் அங்கில்லை. துப்பறிவாளர் மார்ட்டின் பெக் ஓயாத சளியாலும் வயிற்று வலியாலும் வாடுபவர். மனைவியோடு பேச்சற்றுப்போன வீட்டில் மாதிரிக் கப்பல்கள் செய்துகொண்டிருப்பவர். இணைந்து எழுதிய இருவரின் மேசையிலிருந்து இத்தகைய வெறுமையான இல்லறம் பிறந்தது விந்தையே.

இருவரும் இடதுசாரிகள். குற்றக் கதையை மக்கள் விரும்பி வாசிப்பர். எனவே நலன்புரி அரசு என்று புகழப்பட்ட சுவீடனின் உட்புறத்தை அதன் வழியே அறுத்துக் காட்டலாம் என்பது அவர்களது நோக்கம். முதல் நூல் வெளிவந்த 1965ஆம் ஆண்டிலேயே நகராட்சிகளின் பொறுப்பிலிருந்த பொலிஸ் சேவையை மத்திய அரசு தன்வசப்படுத்தியது. அதன் பின் அத்துறையில் அவர்கள் கண்ட ஆணவமும் திறமைக்குறைவும் நூலுக்கு நூல் கடுமையாகச் சாடப்படுகின்றன.

1968இல் வெளியான 'சிரிக்கும் பொலிஸ்காரர்' இவ்வகையில் தலைசிறந்தது என்பது எமது கருத்து. கொட்டும் மழையில் வியட்நாம் போருக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தை அடக்க அமெரிக்கத் தூதரகத்தின் முன் பொலிசார் குவிந்திருக்க, நகரின் வேறொரு புறத்தில் பேருந்து ஒன்றில் பயணிகள் சுட்டுக் கொல்லப்படுகின்றனர். இறந்தோரில் பெக்கின் இளம் உதவியாளர் ஒருவர். அல்ஜீரியாவிலிருந்து பிழைக்க வந்த ஒருவரும் அவர்களுள் உண்டு. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1971இல் அமெரிக்காவின் எட்கார் விருதைப் பெற்றது.

பிற்கால நூல்களில் கதையை நிறுத்திவிட்டுப் பிரசங்கம் செய்யும் இடங்கள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் கடைசி நூலான 'பயங்கரவாதிகள்' எம்மை விடாது பற்றிக்கொள்கிறது. அதில் றெபெக்கா என்றோர் இளந்தாய். அவளது துணைவன் வியட்நாம் போரை மறுத்துச் சுவீடனில் அடைக்கலம் புகுந்த அமெரிக்கப் படைவீரன். இலேசான தண்டனையே கிடைக்கும் என்ற உறுதிமொழியை நம்பித் தாயகம் திரும்பியவன் சிறையிலிடப்படுகிறான். அவனிடம் செல்லப் பணம் தேடும் அவள், வங்கிகள் பணம் கொடுக்கும் என்று கேள்விப்பட்டு ஒரு வங்கிக்குச் சென்று கேட்கிறாள். கொள்ளைக்காரி என்று கைது செய்யப்படுகிறாள். நீதிமன்றம் அவளை விடுவித்தாலும் கதவுகள் திறப்பதில்லை. விளங்காத படிவத்தைக் கையில் ஏந்தி, பேசத் தெரியாத மொழியில் அலுவலகக் கருமபீடத்தின் முன் நின்ற எம்மவர் எவருக்கும் அந்த வங்கிக் காட்சியை எளிதில் கடந்துசெல்ல இயலாது. முடிவில் அவள் நாட்டின் பிரதமரைச் சுட்டுக் கொல்கிறாள். அந்நூல் வெளிவந்து பதினோராண்டுகளின் பின், 1986 பெப்ரவரியில், பிரதமர் ஒலோஃப் பால்மே ஸ்டொக்ஹோம் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தக் கடைசி நூலின் பெரும்பகுதியை நோயுற்ற நிலையில் வாலேயே எழுதினார். 1975 ஜூன் 22ஆம் நாள், நாற்பத்தெட்டாவது வயதில், அவர் மறைந்தார். பத்து நூல்கள் என்ற கணக்கு நிறைவெய்தியிருந்தது. மாய் அதன்பின் மொழிபெயர்ப்புகள் செய்தார். 1990இல் டச்சு எழுத்தாளர் ஒருவருடன் இணைந்து வேறொரு நாவலும் எழுதினார். 1997 முதல் பெக்கை வைத்துப் புதிய கதைகளைப் பிறர் எழுத, அவை திரைக்கும் தொலைக்காட்சிக்கும் வந்தன. ஆனால் மாய், 2020 ஏப்ரலில் தமது எண்பத்து நான்காவது வயதில் மறையும் வரை, பதினோராவது பெக் நாவலை எழுதவில்லை.