அடைப்புக்குறிக்குள் ஒரு ‘பொ’

அரசு அலுவலகக் கடிதங்களின் அடியில் விழும் முத்திரையைக் கவனித்திருப்பீர்கள். ‘தலைமை ஆசிரியர் (பொ)’, ‘செயல் அலுவலர் (பொ)’ என்று சிலவற்றில் ஒற்றை எழுத்து ஒண்டிக்கொண்டிருக்கும். பொறுப்பு என்பதன் சுருக்கம் அது. அந்த நாற்காலிக்கு உரியவர் மாறுதலில் போயிருப்பார், அல்லது ஓய்வு பெற்றிருப்பார். இன்னொருவர் தன் வேலையோடு இதையும் சேர்த்துப் பார்க்கிறார். அதற்கு ஓர் ஆணை இருக்கும், ஆணையில் தேதி இருக்கும். 1922 முதல் நடைமுறையில் உள்ள அடிப்படை விதிகளில் 49-ஆவது விதி, எந்த வகைக் கூடுதல் பொறுப்புக்குத் தனி ஊதியம் உண்டு, எதற்குக் கிடையாது என்று பிரித்தே சொல்கிறது.

தனியார் கம்பெனிகளில் இந்த ‘பொ’ கிடையாது. அங்கே எல்லாம் வாய்மொழிதான்: “கொஞ்ச நாளைக்கு இதையும் பார்த்துக்கோங்க.”

எனக்கு அது ஒரு சாவிக்கொத்தாக வந்தது. நான் கணக்குப் பிரிவு. அட்மின் பார்த்துக்கொண்டிருந்த பெண் பிரசவ விடுப்பில் போன அன்று, மேனேஜர் கொத்தை என் மேஜையில் வைத்து, “ஆறு மாசம்தான் மேடம், வந்துடுவாங்க” என்றார். அவர் வரவில்லை. ஸ்டேஷனரி பீரோ, பேன்ட்ரி, சர்வர் ரூம், எதைத் திறப்பது என்றே தெரியாத ஒரு பித்தளைச் சாவி, எல்லாம் நான்கு வருடம் என்னிடம் இருந்தன. காலை ஒன்பதே காலுக்குப் போன் வரும்: “அக்கா, இன்னிக்கு எத்தனை கேன்?” அதற்குப் பிறகு ஏசி மெக்கானிக், கூரியர் பையன், யாருடைய பிறந்தநாளுக்கோ முட்டையில்லாத கேக். ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, பூசணிக்காய்.

அப்ரைசல் படிவத்தில் இவை எதற்கும் கட்டம் கிடையாது. இருந்த கட்டத்தில், வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு இரண்டு மாதம் தாமதம் என்று எழுதியிருந்தார்கள். அதுவும் உண்மைதான், மறுக்க முடியவில்லை.

இது ஏன் சிலரிடம் மட்டும் வந்து சேர்கிறது? அமெரிக்கப் பொருளியல் ஆய்வாளர்கள் லிண்டா பாப்காக், லிசே வெஸ்டர்லண்ட் உள்ளிட்ட நால்வர் இதற்கு ஒரு விளையாட்டு வைத்துப் பார்த்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். முகம் தெரியாத மூன்று பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்கள். இரண்டு நிமிடம் கெடு. யாருமே பொத்தானை அழுத்தாவிட்டால் ஆளுக்கு 1 டாலர். ஒருவர் அழுத்தினால் மற்ற இருவருக்கும் 2 டாலர், அழுத்தியவருக்கு 1.25 டாலர். யாராவது அழுத்தினால் எல்லோருக்கும் லாபம், ஆனால் அழுத்தியவருக்குத்தான் இருப்பதில் குறைந்த லாபம். நம் ஆபீஸ் மீட்டிங்கில் “இதை யார் எடுத்துக்கிறீங்க?” என்று கேட்டதும் எல்லோரும் நோட்டைக் குனிந்து பார்ப்போமே, அதே நிலைமை. பெரும்பாலும் கடைசி சில விநாடிகளில்தான் பொத்தான் அழுத்தப்பட்டது. ஆண், பெண் கலந்திருந்த குழுக்களில், ஆண்களைவிடப் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக அழுத்தினார்கள்.

பெண்களுக்கு இயல்பிலேயே இளகிய மனசு என்று இதற்குக் காரணம் சொல்லத் தோன்றும். பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் என்று குழுக்களைப் பிரித்ததும் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. ஆண்கள் மட்டும் இருந்தபோது அவர்களும் அதே அளவு அழுத்தினார்கள். ‘அந்தம்மா செய்துவிடும்’ என்ற எதிர்பார்ப்பு அறையில் இருந்தால்தான் கை பின்வாங்குகிறது. இன்னொரு சுற்றில், குழுவில் ஒருவரிடம் நீங்கள் அழுத்துங்கள் என்று கேட்கும் உரிமையை நாலாவது ஆளிடம் கொடுத்தார்கள். பெண்களிடம் 44 சதவீதம் அதிகமாகக் கேட்டார்கள். கேட்டபோது பெண்கள் 76 சதவீதமும் ஆண்கள் 51 சதவீதமும் சரி என்றார்கள். கேட்டதும் சம்மதிப்பார் என்று தெரிந்தவரிடம்தானே மறுபடியும் கேட்பார்கள். எங்கள் ஆபீஸில் ஆயுத பூஜைக் கோலத்தை இதுவரை ஓர் ஆண் போட்டு நான் பார்த்ததில்லை.

அப்படியென்றால் என் வேலை மட்டும்தான் பார்ப்பேன் என்று இருந்துவிடலாமா? எல்லோரும் அப்படி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1968 ஜூலை ஓர் உதாரணம். அமெரிக்காவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் சங்கம், விமானங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியை விதிப்புத்தகத்தில் உள்ளபடி அப்படியே கடைப்பிடிக்கச் சொன்னது. யாரும் வேலையை நிறுத்தவில்லை, ஒரு விதியையும் மீறவில்லை. ஆனாலும் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாயின. நம் ஊர்த் தொழிற்சங்கங்கள் ‘விதிப்படி வேலை’ என்று அறிவிப்பதும் இந்த ஆயுதத்தைத்தான். காகிதத்தில் எழுதாத உழைப்பு கொஞ்சம் இல்லாமல் எந்த ஆபீஸும் ஓடாது.

போதாததற்கு, கூடுதல் வேலை எல்லாம் ஒரே ரகம் இல்லை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது எங்கள் பிரிவில் யாருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு ஜூனியர் பெண் தானாக முன்வந்து, இரவெல்லாம் போர்ட்டலோடு மல்லுக்கட்டி, ரிட்டர்ன் போடப் பழகினார். அதுவும் அவருக்கு ஒப்படைத்த வேலை இல்லைதான். இரண்டே வருடத்தில் அதை வைத்தே வேறு கம்பெனியில் நல்ல சம்பளத்துக்குப் போய்விட்டார். நான் தண்ணீர் கேன் எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த வேலையை நாளைக்கு என் பயோடேட்டாவில் ஒரு வரியாக எழுதுவேனா என்று கேட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளங்கிவிடும்.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் கடைசிப் பக்கத்தில் ‘நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகள்’ என்று ஒரு வரி இருக்குமே, அது எல்லாவற்றையும் அடக்கிவிடுமா? கணிசமாக அடக்கும். அவசரத்துக்கு வேறு வேலை பார்க்கச் சொல்ல அது நிர்வாகத்துக்கு இடம் தருகிறது. அந்த வரியைக் காட்டி வேலையையே மாற்றிவிடும்போதுதான் தகராறு வருகிறது. பள்ளி ஆசிரியர்கள் விஷயத்தில் சட்டமே கோடு போட்டிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது. ஆனால் வகுப்பு நேரத்தைத் தின்னும் விவரப் பதிவுகள் அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் ஆசிரியர் ஒன்று சொல்வார், துறை ஒன்று சொல்லும்.

பணம் என்று வரும்போது ஆணையில் உள்ள சொல்தான் பேசும். சண்டிகர் நிர்வாகத்தில் ஒரு பொறியாளரைத் தற்காலிகமாக மேல்பதவிக்கு உயர்த்தி வேலை வாங்கிவிட்டு, அதற்குரிய சம்பளத்தைத் தரவில்லை. கேட்க மாட்டேன் என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார்கள். அப்படி எழுதி வாங்குவது சட்டப்படி செல்லாது என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதே நீதிமன்றம் 1991-ல் வேறொரு வழக்கில், மேல்பதவியின் அன்றாட அலுவல்களைக் கவனித்துக்கொள்ளச் சொன்னாலே அது பதவி உயர்வு ஆகிவிடாது, அந்தப் பதவியின் சம்பளமும் வராது என்றது. ‘உயர்த்தப்படுகிறார்’ என்பதற்கும் ‘கவனித்துக்கொள்வார்’ என்பதற்கும் அவ்வளவு தூரம். இரண்டும் அரசுப் பணி வழக்குகள். தனியார் ஊழியருக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் வாய்மொழியாக வேலை வாங்கப்படுகிறவர் எவ்வளவு மெல்லிய கயிற்றில் நிற்கிறார் என்பதை இவை காட்டுகின்றன.

அதனால், யாரும் கொடுக்காத அந்த ‘பொ’வை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சண்டை தேவையில்லை, ஒரு மெயில் போதும். “நேற்று பேசியபடி, இன்று முதல் அடுத்த மாதம் 30 வரை அட்மின் பொறுப்பையும் பார்க்கிறேன். இதற்கு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். எனவே வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு 5-ஆம் தேதிக்குப் பதில் 10-ஆம் தேதி முடியும். வேறு மாதிரி வேண்டுமென்றால் சொல்லுங்கள்.” என்ன வேலை, எதுவரை, எது பின்னால் போகும் என்ற மூன்றும் இதில் வந்துவிடுகின்றன. முடியாது என்ற சொல் எங்கும் இல்லை. எதை ஒத்திவைப்பது என்ற முடிவு, அதை எடுக்க வேண்டியவரிடம் போய்ச் சேருகிறது. கெடு தேதிக்கு ஒரு வாரம் முன்னால், “30-ஆம் தேதிக்குப் பிறகு யாரிடம் ஒப்படைக்கட்டும்?” என்று இன்னொரு வரி அனுப்பிவிட வேண்டும். இதை மறந்தால் முதல் மெயில் வீண். வேலை பழகிய முதல் வாரத்திலேயே சொன்னால் எடுபடும். வருடக்கணக்கில் சிரித்த முகமாகச் செய்துவிட்டுச் சொன்னால், திடீரென்று இவருக்கு என்ன ஆயிற்று என்பார்கள்.

என்னைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். நான் மெயில் போட்டது நாலாவது வருடம். மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் ‘நோட்டட்’ என்று ஒற்றைச் சொல் வந்தது. இரண்டு மாதம் கழித்து ஃபிரன்ட் ஆபீஸுக்கு ஆள் எடுத்தார்கள். ஒவ்வொரு சாவியிலும் பேப்பர் ஒட்டி, பெயர் எழுதி, கொத்தை அந்தத் தம்பியிடம் கொடுத்தேன். பித்தளைச் சாவிக்கு மட்டும் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கேள்விக்குறி போட்டேன். தண்ணீர் கேன்காரர் இன்னும் எனக்குத்தான் போன் செய்கிறார்.