நூல் வாங்கித் தந்த விடுதலை!

உங்கள் டைம்டேபிளில் ‘கைவேலை’ என்று ஒரு பீரியட் இருக்கிறதா? பரீட்சை நெருங்கினால் முதலில் காணாமல் போவது அதுதான். கணக்கு டீச்சரோ, அறிவியல் சாரோ கடன் வாங்கிக்கொள்வார்கள். கடன் திரும்பி வருவதே இல்லை! ‘போனால் போகட்டும், கத்தரிக்கோலும் பசையும் விளையாட்டுதானே’ என்று நீங்களும் விட்டுவிடுகிறீர்களா? அப்படியானால், ஏறத்தாழ இருநூறு வருடங்களுக்கு முன் நாகர்கோவிலில் நடந்த ஒரு கைவேலை வகுப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் சேர்ந்தது. அதற்கு முன் இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்தது. 1819-ஆம் ஆண்டு லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், அவர் மனைவி மார்த்தா மால்ட் இருவரும் இங்கிலாந்திலிருந்து நாகர்கோவிலுக்கு வந்தார்கள். பெண் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவதே அதிசயமாக இருந்த காலம் அது. மார்த்தா மால்ட் தன் பள்ளியில் படித்த சிறுமிகளுக்கு எழுத்தும் வாசிப்பும் மட்டும் கற்றுத் தரவில்லை. லேஸ் பின்னவும் கற்றுத் தந்தார்.

லேஸ் என்றால் பாவாடை ஓரத்திலும் கைக்குட்டை ஓரத்திலும் பூப்பூவாக இருக்குமே, அதுதான். இதற்கு ‘ரேந்தை’ என்று ஒரு பழைய பெயரும் உண்டு. போர்ச்சுகீசியர்களிடமிருந்து வந்த சொல் அது.

இதைப் பின்ன ஊசி வேண்டாம். கெட்டியான ஒரு தலையணை வேண்டும். அதன்மேல் புள்ளி குத்திய மாதிரித் தாளை வைப்பார்கள். சின்னச் சின்ன மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி, ஜோடி ஜோடியாகத் தொங்கவிடுவார்கள். கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு, புள்ளியில் குண்டூசி குத்தினால் பூ மலரும்!

கஷ்டமோ? நீங்களே செய்து பாருங்கள். நான்கு கம்பளி நூல்களை ஓர் அட்டையில் கட்டித் தொங்கவிடுங்கள். இடப்பக்கத்து இரண்டும் சிவப்பு, வலப்பக்கத்து இரண்டும் பச்சையாக இருக்கட்டும். இடமிருந்து 1, 2, 3, 4 என்று எண்ணுங்கள். முதலில் 2-ஐ 3-க்கு மேலே போடுங்கள். மறுபடி இடமிருந்து எண்ணி, 2-ஐ 1-க்கு மேலேயும், 4-ஐ 3-க்கு மேலேயும் போடுங்கள். திரும்பவும் எண்ணி, 2-ஐ 3-க்கு மேலே போடுங்கள். இப்போது பாருங்கள், சிவப்பு ஜோடி முழுவதும் வலப்பக்கம் போயிருக்கும்! இதில் கணக்கு இருக்கிறதா, இல்லையா?

இனிதான் முக்கியமான விஷயம். அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. மாடுகளை விற்பதுபோல மனிதர்களையும் விற்றார்கள், வாங்கினார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களில் பிறந்த சிறுமிகளும் அந்தப் பள்ளியில் படித்தார்கள். அவர்கள் பின்னிய லேஸை ஐரோப்பியர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள். அந்த வருமானத்தைக் கொண்டு அவர்களில் சிலர் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள்! திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை முழுவதுமாக ஒழித்தது 1855-இல்தான். சட்டம் வரும்வரை அந்தச் சிறுமிகள் காத்திருக்கவில்லை. ஒரு மனிதர் தன் சுதந்திரத்துக்கே விலை கொடுக்க வேண்டியிருந்தது பெரிய அநியாயம்தான். அந்த அநியாயத்தைத் தாண்டிவர அவர்களுக்கு உதவியது ஒரு கைவேலை வகுப்பு.

கைவேலையும் பாடம்தான் என்று காந்தியடிகளும் சொன்னார். 1937-இல் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில், ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களைக் கற்றுத் தரும் ஆதாரக் கல்வித் திட்டம் பிறந்தது. ‘பள்ளிக்கூடத்தில் தக்கிளி சுற்றியிருக்கிறீர்களா?’ என்று உங்கள் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். சுவையான கதைகள் கிடைக்கலாம்.

இன்று எப்படி? புராஜெக்ட் என்றதும் பலர் கடைக்கு ஓடுகிறோம். சார்ட்டும் தெர்மோகோல் மாதிரியும் ரெடிமேடாகக் கிடைக்கின்றன. மீதியை அம்மாவோ அப்பாவோ இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து ஒட்டித் தருகிறார்கள். மார்க் நமக்கு, பாடம் அவர்களுக்கு!

குமரி மாவட்டத்தில் கைவேலைக்குப் பொருளா இல்லை? பனை ஓலை, சிரட்டை, தென்னை நார், தாழை எல்லாம் இங்கேயே கிடைக்கின்றன. ஓலையில் பெட்டியோ கடவமோ முடையத் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருந்தால் அவரிடம் போங்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை ஓலைக் கீற்று? ஓலையை ஏன் நனைக்கிறார்கள்? மூலையை எப்படித் திருப்புகிறார்கள்? கேட்டு நோட்டில் எழுதுங்கள், படம் வரையுங்கள், நீங்களும் ஒன்று முடையுங்கள்.

கோணலாக வந்தாலும் பரவாயில்லை, அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோங்கள். யார் சொல்லித் தந்தார்கள், எத்தனை தடவை அவிழ்த்து மறுபடி முடைந்தீர்கள் என்பதையும் கீழே எழுதி வையுங்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத புராஜெக்ட் அது!