எழுத்துத் தெரியாமல் அடித்த ரோமச் சல்லி

பழைய செப்புச் சல்லி ஒன்று கையில் அகப்பட்டால் எல்லோரும் முதலில் கேட்பது “இது அசலா, போலியா?” என்றுதான். நம் இலங்கைத் தீவில் கிடைக்கும் ரோமச் சல்லிக்கு அந்த ஒரு கேள்வி போதாது. அசலும் இல்லாமல், இன்று ஏமாற்றச் செய்ததும் இல்லாமல், சுமார் ஆயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முன்பே ரோமச் சல்லியைப் பார்த்துச் செய்த ஒரு வகை உண்டு.

பொத்துவில், பாணமை, குமணை எல்லாம் தாண்டித் தெற்கே போனால் திஸ்ஸமஹாராம வரும். பழைய மாகம அதுதான். அந்தப் பக்கத்திலும் மாத்தறையிலும் அநுராதபுரத்திலும் சிகிரியாவிலும் ரோமரின் சின்னச் செப்புச் சல்லிகள் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் கரூரிலும் மதுரையிலும் அதே வகை ஏராளம். பெரும்பாலானவை 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்தவை. தியோடோசியஸ், ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ் என்ற பேரரசர்களின் காலம் அது. சில்லறைக்கு இவை பயன்பட்டன. வருகிற சில்லறை போதாமல் போனபோது இங்கேயே செய்துகொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம். மாத்தறைக்குப் பக்கத்து நைமன என்ற ஊரின் பேர் இந்தச் சல்லிகளோடு சேர்ந்தே வரும். கொட்றிங்டன் 1924இல் எழுதிய இலங்கை நாணய நூலில் இவை பற்றிச் சொல்லியிருக்கிறார். ஜெர்மனிய அறிஞர் ரைன்ஹோல்ட் வால்பர்க் 2008இல் விரிவாகவே எழுதினார்.

எப்படி இனங்காண்பது? முதலில் எழுத்தைப் பாருங்கள். அசலில் பேரரசரின் தலையைச் சுற்றி லத்தீனில் பேர் ஓடும். பார்த்துச் செய்தவருக்கு லத்தீன் தெரியாது. அறபு தெரியாத பிள்ளை ஓதற்பள்ளிப் பலகையைப் பார்த்துக் கோடு இழுப்பது போல, எழுத்து இருந்த இடத்தில் நெட்டைக் கோடும் வட்டமும் மட்டும் வரும். முத்துக் கிரீடம் வெறும் புள்ளி வரிசையாகிவிடும். மறுபக்கத்தில் கைதியை இழுத்துச் செல்லும் வெற்றித் தேவதை, நாலைந்து குச்சிகளாகிவிடும்.

ஆனால் தேய்மானத்தைப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். தேய்ந்த அசலில் மேடான இடங்கள் முதலில் போகும். கன்னமும் தலைமயிரும் வழுவழுப்பாகும். ஆனாலும் மிஞ்சிய ஓர் எழுத்து, அரை எழுத்தாக இருந்தாலும், சரியான எழுத்தாகவே இருக்கும். பார்த்துச் செய்ததில் கோடு தெளிவாகவே நிற்கும், ஆனால் அது எந்த எழுத்தாகவும் இராது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விட்டு, பெருக்குக் கண்ணாடியால் இதை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

அடுத்தது திசை. அந்தக் காலச் சல்லியில் பேரரசர் பெரும்பாலும் நம் வலப்பக்கம் பார்த்திருப்பார். உருவமும் எழுத்தும் சல்லியில் நேராக விழ வேண்டுமானால் அச்சில் அவற்றை இடம்வலம் மாற்றி வெட்ட வேண்டும். கையிலிருந்த சல்லியைக் கண்டபடியே அச்சில் வெட்டினால், அடித்த சல்லியில் எல்லாம் இடம்வலம் மாறிப் போய்விடும். முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தால், எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இருந்தால், வெட்டியவர் அந்தத் தொழில் பழகாதவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

வார்த்து எடுத்ததில் இந்தத் தடயம் இராது. அசல் சல்லியைக் களிமண்ணில் பதித்து உருகிய செம்பை ஊற்றினால் திசை மாறாது. பதிலாக விளிம்புகள் மழுங்கியிருக்கும், மேற்பரப்பில் சின்னக் குழிகள் இருக்கும், சுற்று விளிம்பில் பொருத்துக் கோடு தெரியலாம்.

நிறையை நம்பி முடிவெடுக்காதீர்கள். பார்த்துச் செய்தவை பெரும்பாலும் மெல்லிசு, இலேசு. ஆனால் அந்தக் காலத்து ரோம அக்கசாலைகளே சின்னச் செப்பை ஒரே நிறையில் அடிக்கவில்லை. ஒரு கிராம் அளவிலான அசல்களும் நிறைய உண்டு. நிறை மற்ற அடையாளங்களோடு சேரும்போதுதான் சாட்சி.

இப்படிச் செய்தது நம் பக்கத்தார் மட்டுமல்ல. கி.பி. 274இல் கோல் நாட்டை ஆண்ட டெட்ரிகஸ் ரோமிடம் சரணடைந்த பின் பிரித்தானியாவிலும் கோல் நாட்டிலும் அவர் முகத்தோடு உள்ளூர்ச் சல்லிகள் குவிந்தன. அங்கும் சில்லறைத் தட்டுப்பாடே பெரிய காரணம். அதனால் இவற்றைக் கள்ளச் சல்லி என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். பேரரசரின் முகம் கோணியிருந்தாலும், இந்தத் தீவுச் சந்தையில் யாரோ அதைக் கொடுத்துச் சாமான் வாங்கியிருக்கிறார்கள்.

வயல் கொத்தும்போதோ கிணறு தோண்டும்போதோ இப்படி எதுவும் வெளிப்பட்டால், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைப் படிவோடு எழுத்தும் போய்விடும். ஒன்றொன்றாகப் பிரித்து விற்காதீர்கள். எது எதோடு, எந்த ஆழத்தில் கிடந்தது என்பதில்தான் பாதி வரலாறு இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி மண்ணிலிருந்து வரும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், பிரதேச செயலகத்திலோ தொல்பொருள் திணைக்களத்திலோ அறிவியுங்கள்.