நள்ளிரவுக் குருதியில் ஒரு புழு

காவிரிக் கழிமுகத்தில் யானைக்கால் நோய் என்றவுடன் கும்பகோணத்தின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். எனினும் வேதாரண்யம், தோப்புத்துறை, நாகூர் எனக் கடலோரம் வரை, வீங்கிய காலை வேட்டிக்குள் மறைத்து நடந்த பெரியவர்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அதனைச் சாபம் என்றும் பரம்பரைக் குறை என்றும் கருதியோர் உண்டு. அக்கருத்தைத் தகர்த்தது நுண்ணோக்கி.

1872இல் கல்கத்தாவில் திமோத்தி லூயிஸ் மனிதக் குருதியில் நெளியும் நுண்புழுக்களைக் கண்டார். 1877இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன், அப்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். பின்னர், 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவுக்குள் தேடிக் கண்டதற்கும் மான்சனே தூண்டுகோலாக இருந்தார்.

நுண்புழுவின் நீளம் ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர். தடிமனோ ஒரு சிவப்பணுவின் அளவே. ஆகவே மிக நுண்ணிய குருதிக் குழாயிலும் அது தடையின்றிச் செல்கிறது. பகலில் நுரையீரல் குழாய்களில் தங்கியிருந்து, இரவு 10 மணிக்கு மேல் தோலருகே திரண்டு வருகிறது. கியூலெக்ஸ் கொசு கடிக்கும் வேளையும் அதுவே. எனவே பகலில் எடுத்த குருதியில் புழு தென்படவில்லை எனில், நோயில்லை என்று முடிவு செய்தலாகாது. இஷாவுக்குப் பின் ஊர் உறங்கும் நேரத்தில் சுகாதாரப் பணியாளர் கதவைத் தட்டி விரல்நுனியில் குருதி எடுப்பதன் காரணம் இதுதான்.

கொசுவின் இரைப்பையில் நுண்புழு தன் உறையைக் களைந்து, மார்புத் தசைக்குள் புகுந்து, ஏறத்தாழ இரு வாரங்களில் தொற்றும் பருவத்தை எய்துகிறது. கொசு அதனை ஊசிபோல் நம் குருதிக்குள் செலுத்துவதில்லை. கடிக்கும்போது தோலில் விழும் புழு, கடிவாய் வழியே தானே ஊர்ந்து நுழைகிறது. பின் நிணநீர் நாளங்களில் குடியேறி, பெண்புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை வளர்ந்து பல ஆண்டுகள் வாழ்கிறது.

1990களில் பிரேசிலின் ரெசிஃபே நகரில், அல்ட்ராசவுண்டு திரையில் உயிருள்ள புழுக்கள் ஓயாது நெளிவதை மருத்துவர்கள் கண்டனர். நிணநீர் நாளங்களைக் காட்டும் வேறு படங்களோ, வீக்கமே இல்லாதவரின் நாளங்களும் சிதைந்திருப்பதை வெளிப்படுத்தின. கால் வீங்கும் நாளில் நோய் தொடங்குவதில்லை என்பது இதனால் தெளிவாயிற்று.

இங்கே நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நெடுநாள் வீங்கிய காலுடையவரின் குருதியில் பெரும்பாலும் நுண்புழு காணப்படுவதில்லை. அதனைச் சுமந்து பிறருக்குப் பரவச் செய்பவர், பெரும்பாலும் எக்குறையும் தோன்றாத நலமுள்ள மனிதரே. "எனக்குத்தான் நோயில்லையே, மாத்திரை எதற்கு?" என்று கேட்பவருக்கு இதுவே விடை. திருமண வீட்டில் நாம் ஒதுங்கி அமர்வது எவரிடமிருந்தோ, அவரால் நமக்கு ஆபத்தில்லை. அவருக்கு வேண்டியது நாள்தோறும் காலைச் சோப்பிட்டுக் கழுவி உலர்த்தும் பராமரிப்பும், நம் அருகில் ஓர் இடமும். நாம் அஞ்ச வேண்டியது, கொசு பெருகும் நம் தெருச் சாக்கடைத் தேக்கத்திற்கே.